ஓடும்போதா, ஓடி நின்ற பிறகா?

எழுந்து நின்றால் தலைசுற்றும் உங்கள் மகளின் ரத்த அழுத்தம் 92/58 என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒல்லியான பெண்ணுக்கு அது நோயே இல்லை. அதனால் தூக்கத்தில் இதயம் நின்றுவிடாது. எழுந்தால் வந்து, உட்கார்ந்தால் போய்விடும் கிறுகிறுப்புக்கு மூளைக் கட்டியைத் தேடவும் வேண்டாம். இரவு ஒரு மணிக்குக் கைபேசியில் தேடினால் எல்லாத் தலைசுற்றலும் கட்டியில்தான் போய் முடியும்.

எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்பக்கம் இறங்கிவிடும். ரத்தக்குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். மளமளவென்று வளரும் வயதில் அது சில விநாடி தாமதமாகும், கண் இருட்டும். வெறும் வயிற்றோடு போய்க் காலையில் கொடியேற்றத்துக்கு நின்றால் கேட்கவே வேண்டாம்.

என்னை நிறுத்தியது உங்கள் கடைசி வரிதான்: "போன மாதம் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒருமுறை விழுந்தாள், பசியாறாததுதான் காரணம்." அதை எப்படி அவ்வளவு சுலபமாக முடிவு செய்தீர்கள்? ஓடி முடித்துச் சட்டென்று நின்றபின் சரிந்தாளா, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தாளா? கால் தடுக்கியதா, நினைவு தப்பியதா? அவளுக்கே சரியாகத் தெரியாது. கூட ஓடிய தோழியைக் கேளுங்கள். நின்ற பிறகு என்றால் பெரும்பாலும் கால்களில் தேங்கிய ரத்தம்தான். ஓட்டத்தின் நடுவில் நினைவு தப்பியிருந்தால் இதயத் தசையிலோ இதயத் துடிப்பின் மின்னோட்டத்திலோ கோளாறு இருக்கலாம். விழுமுன் நெஞ்சு படபடத்ததா? உங்கள் இரு குடும்பங்களிலும் நாற்பதுக்குள் திடீரென்று இறந்தவர், நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர் உண்டா? இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போய், முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். ஈசிஜி வலிக்காது, சில நிமிட வேலை. தேவைப்பட்டால் இதய ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். அதுவரை ஓட்டம், நீச்சல் இரண்டும் வேண்டாம். உடற்பயிற்சி ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். மறுபடி ஓடும்போது விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சி தேடாதீர்கள், 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

அத்தைக்கு எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை இவளுக்குக் கொடுக்க யார் சொன்னது? நிறுத்துங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று கேளுங்கள்; அங்கே போகும்போதே ரத்தசோகைக்கும் இரும்புச் சேமிப்புக்கும் பரிசோதனை செய்யச் சொல்லலாம். குறைவு என்று தெரிந்த பிறகு மாத்திரை. உப்புத் தண்ணீர் வைத்தியமும் இப்போது வேண்டாம்.

காலையில் எழுந்ததும் ஒரு பெரிய குவளை தண்ணீர், பிறகு ஏதாவது ஆகாரம், இரண்டு ரொட்டித் துண்டாவது. படுக்கை ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். வரிசையில் நிற்கும்போது கண் மங்கினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கட்டும். அப்போதும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் தரையில் உட்காரச் சொல்லுங்கள்.