ஜன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள்

தம்பி, சீனாவின் குவாங்சோவில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒப்புக்கொள்வதற்கு முன் மனைவியோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பத்து நாள் வந்து ஊரைப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் போதுமா, ஹாஸ்டலில் ஆளுக்கொரு கட்டில் எடுத்தால் மிச்சமாகுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பவை மற்ற கேள்விகள். விமான டிக்கெட்டையும் விசாவையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்த 5,000 போதும். யுவானுக்குப் பன்னிரண்டரை ரூபாய் என்று வைத்தால் தினமும் கையில் 400 யுவான்.

முதலில் கட்டில் கணக்கு. தனியாள் வந்தால் ஹாஸ்டல் லாபம், ஜோடிக்கு இல்லை. ஒரு கட்டில் 70 யுவான் என்றால் இரண்டுக்கு 140. மேலே இருபது முப்பது போட்டால் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே சின்ன விடுதியில், குளியலறையோடு, கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஓர் அறை கிடைக்கும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் இருக்கும். இங்கே யாரும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பதில்லை என்பதால் அது உங்களுக்கு முக்கியம். ஆனால் மலிவு அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. படத்தில் திரைச்சீலை அழகாகத் தொங்கும். நேரில் போய் விலக்கினால் சுவர். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில் இந்த ஊரில் சுவர் வியர்க்கும், தரை வியர்க்கும். 'ஹுய்நான்தியான்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜன்னலில்லாத அறையில் அப்போது தங்கினால் துவைத்த பனியன் ஊருக்குத் திரும்பும்வரை காயாது. பத்து யுவான் கூடினாலும் ஜன்னல் உள்ள அறையாகவே கேளுங்கள்.

வெளிநாட்டவரை ஏற்பார்களா என்றும் முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். நான் வந்த புதிதில், பணம் கட்டி முன்பதிவு செய்த ஒரு விடுதியில், இரவு பதினொரு மணிக்கு எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரியும் பெட்டியை இழுத்துக்கொண்டு நாலு விடுதி ஏறி இறங்கினோம். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். தங்குகிறவர் விவரத்தை விடுதிக்காரர் போலீஸ் பதிவில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை எப்படி ஏற்றுவது என்று வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். வெளிநாட்டவர் என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024இல் அரசு சொல்லிவிட்டது. இருந்தாலும் நள்ளிரவில் சட்டம் பேசித் தூங்க முடியாது. அப்புறம், நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தேதி தவறினால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். இந்த ஊரின் பெரிய வணிகக் கண்காட்சியான கேன்டன் கண்காட்சி வசந்தத்தில் ஏப்ரல் 15 முதல் மே 5 வரை, இலையுதிர்காலத்தில் அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரை. அப்போது 160 யுவான் அறையை 400க்குக் கேட்பார்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. சீனப் புத்தாண்டில் பாதிக் கடைக்குப் பூட்டு. நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு மேல் வாருங்கள், மழையும் இல்லை, புழுக்கமும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். காலையில் பயமே வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் அரிசிக் கஞ்சி குடிக்கிறவர்கள். வெறும் கஞ்சி 'பாய்ஜோ' இரண்டு மூன்று யுவான். அரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, ஆவியில் அவித்து, சுரண்டிச் சுருட்டி சோயா சாற்றை ஊற்றித் தருவார்கள், அது சாங்ஃபென். உள்ளே எதுவும் வைக்காததற்கு 'ஜாய்சாங்' என்று கேளுங்கள். நான் கஞ்சிக்குப் பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுப்பேன், பக்கத்து மேசைத் தாத்தா எட்டிப் பார்ப்பார்.

மதியம்தான் கவனம். காய்கறிப் பொரியல் என்று வருவதில் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ இருக்கும், அவர்கள் கணக்கில் அதுவும் காய்தான். 'சு' என்றால் சைவம். புத்தக் கோயில்களை ஒட்டிய சு உணவகங்களில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை வறுவலும் சோறும் எங்கும் கிடைக்கும். எருமைப்பாலில் ஆடை படிய வைத்துச் செய்யும் ஷுவாங்பீநாய் என்ற இனிப்பை விடாதீர்கள், அதிலும் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. லியாங்ச்சா என்று தெருவுக்குத் தெரு விற்பது தேநீர் அல்ல, நம் நிலவேம்புக் கஷாயத்தின் பங்காளி.

சுற்றிப் பார்க்கச் செலவே இல்லை. மெட்ரோ 2 யுவானில் தொடங்குகிறது. இரவுப் படகுச் சவாரிக்கு ஆளுக்கு நூறு கொடுப்பதற்குப் பதில், ஊர்க்காரர்கள் முத்தாற்றைக் கடக்கும் 2 யுவான் படகில் விளக்கு போட்ட பிறகு ஏறுங்கள். அதே ஆறு, அதே விளக்கு. ஷாமியன் தீவின் பழைய கட்டடங்களுக்கு டிக்கெட் இல்லை. சாங்ஷோ லூ நிலையத்தில் இறங்கி, பச்சைக்கல் சந்தைக்குள் புகுந்து போனால் ஹுவாலின் கோயில் வரும். நம் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று நாம் சொல்லும் போதிதருமர் ஆறாம் நூற்றாண்டில் கரை இறங்கிய இடம் அதுதான் என்பது இவர்கள் மரபு. நான் துணி எடுக்க வந்தவன், சாமி கும்பிடுகிறவனும் இல்லை. ஆனாலும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒருமுறை கூட்டிப் போய்விடுவேன்.

பணத்துக்கு, போனில் பணம் கட்டும் செயலியான அலிபேயை ஊரிலேயே போட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி, கார்டை இணைத்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க மறக்காதீர்கள், இரண்டு கார்டு இருப்பது நல்லது. ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அறை வாடகையை அன்றன்றைக்குக் கட்டினால் தப்பிக்கலாம். விடுதி வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் வராது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டு வந்தால் வரும்.

வேலை விஷயம் ஒன்று. "வந்ததுதான் வந்தீர்கள், இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள்" என்று அந்த அலுவலகத்தில் சொன்னாலும் உட்காராதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது, அதற்கு இஸட் விசா வேண்டும். அதற்குப் பதில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நீங்கள் தினமும் போக வேண்டிய பாதையில் மெட்ரோவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூட்டம் நெரியும் 3ஆம் தடம் என்றால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டை எங்கே பிடிப்பது என்று அவரே சொல்லிவிடுவார்.