டீசல் டர்போவைப் படிக்க விரும்பும் மகளைத் தடுக்கலாமா?

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு டீசல் இன்ஜின் டர்போசார்ஜரின் பூஸ்ட் கட்டுப்பாட்டை எடுக்கப்போவதாகச் சொல்கிறார். மின்சார வாகனங்கள் பெருகும் காலத்தில் டீசலைப் படித்து என்ன பயன், கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்ப வேண்டாம். அவர் எடுத்திருப்பதில் பாதி கம்ப்யூட்டர் வேலைதான்.

டர்போசார்ஜர், சுருக்கமாக டர்போ, இன்ஜின் வெளிவிடும் புகைவாயுவின் விசையால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. அப்படிக் கூடும் காற்றழுத்தமே பூஸ்ட். அவர் எடுக்கும் டர்போவில் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி வளையமாகச் சிறு தகடுகள் இருக்கின்றன. இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகைவாயு குறைவு. தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கினால் அந்தக் கொஞ்ச வாயுவும் வேகமெடுத்துச் சக்கரத்தைச் சுழற்றும். இன்ஜின் வேகம் கூடினால் தகடுகள் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் எல்லை மீறும். சிறிய டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. எந்த வேகத்தில், எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்ற அட்டவணை இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியில் இருக்கிறது. சென்சார் சொல்லும் அழுத்தத்தை அதனுடன் ஒப்பிட்டு, வெற்றிட விசையாலோ சிறு மோட்டாராலோ தகடுகளை அது நகர்த்துகிறது.

கேட்க எளிது. கடினம் எங்கே என்றால், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார், பூஸ்ட் இலக்கு சட்டென்று உயர்கிறது, கணினி தகடுகளை மூடுகிறது. உடனே புகைவாயு வெளியேற முடியாமல் பின்னழுத்தம் ஏறுகிறது. இன்ஜினுக்குள் போகும் காற்று ஒரு கணம் குறையவும் கூடும். டர்பைன் வேகமெடுத்த பிறகே காற்று கூடுகிறது. கட்டளை சரியாக இருந்தும் விளைவு முதலில் எதிர்த்திசையில் போகிறது. இதை அறியாமல் எழுதிய நிரல் பதறித் தகடுகளை இன்னும் இறுக்கும். இலக்குக்கும் உண்மை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிரல் கூட்டிக்கொண்டே வரும். இலக்கை எட்டும்வரை அப்படிச் சேர்ந்துகொண்டே போன பிழைக்கணக்கு, எட்டிய பிறகும் தகடுகளைத் திறக்க விடாது. அழுத்தம் இலக்கைத் தாண்டும். பி0234 என்ற பிழைக்குறி பதிவாகும். இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தகடுகள் ஏறக்குறைய மூடிய நிலையில் மயிரிழை அசைவும் பெரிய மாற்றம் தரும், திறந்த நிலையில் அதே அசைவு ஒன்றும் செய்யாது என்பது இன்னொரு சிக்கல். போதாக்குறைக்கு, அதே பின்னழுத்தம்தான் மாசைக் குறைப்பதற்காக உள்ள இ.ஜி.ஆர். வால்வு வழியே புகைவாயுவைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவருக்கு காலிபிரேஷன் பொறியாளர் (கட்டுப்பாட்டுக் கணினியின் அட்டவணைகளைச் சோதித்துச் சரியாக அமைப்பவர்), கட்டுப்பாட்டு மென்பொருள் பொறியாளர், இன்ஜின் சோதனைக்கூடப் பணி என்று பல வாசல்கள் உண்டு. கார்களில் டீசல் சுருங்கக்கூடும் என்ற உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கனரக லாரி, டிராக்டர், கப்பல், ஜெனரேட்டர் என டீசலின் உலகம் காரைவிட மிகப் பெரியது. கற்ற கட்டுப்பாட்டியலும் டீசலோடு நின்றுவிடாது. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்துக்குக் காற்று செலுத்தும் கம்ப்ரஸரையும் இதே போன்ற எல்லைகளுக்குள் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. மின்சார வாகனத்தின் பேட்டரி குளிர்விப்புக்கும் இதே கணக்குமுறைகள் உதவும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ப்ராஜெக்டைச் செய்யும் விதத்தைப் பற்றித்தான். பழைய டர்போ ஒன்றை வாங்கி, வெட்டி, வர்ணம் பூசி மேசையில் வைத்தால் மதிப்பெண் வரலாம், வேலை வராது. கல்லூரியில் இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் இருந்தால் அதில் இன்ஜினை ஓட்டித் தரவு பதியட்டும். இல்லாவிட்டால் மேட்லாப், சிமுலிங்க் என்ற மென்பொருள்களைக் கொண்டு எளிய மாதிரி ஒன்றை உருவாக்கி, தகடுகளின் நிலைக்கேற்பத் தன் அளவுருக்களை மாற்றிக்கொள்ளும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டை (பிழையின் இப்போதைய அளவு, சேர்ந்த அளவு, மாறும் வேகம் ஆகிய மூன்றையும் வைத்துத் திருத்தும் முறை) எழுதிப் பார்க்கட்டும். அடிப்படையில் ஓட்டை இருக்கக் கூடாது. அழுத்தம் 2 பார் என்றால் அது முழு அழுத்தமா, வளிமண்டலத்துக்கு மேற்பட்டதா என்று நான் மாணவர்களிடம் கேட்பதுண்டு, பலர் தடுமாறுகிறார்கள். கடல்மட்டத்தில் முழு அழுத்தம் 2 பார் என்றால் பூஸ்ட் ஏறக்குறைய 1 பார். உயரமான மலையில் அதே 2 பாரை எட்ட முயன்றால் டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், எல்லை மீறிச் சிதையவும் கூடும். அதனால்தான் உயரம் ஏற ஏற இலக்கைக் குறைக்கிறார்கள்.

பழுது கண்டறிவதில் அவருக்கு ஈடுபாடு அதிகம் என்றால் அதுவும் நல்ல வழிதான். பூஸ்ட் குறைகிறது என்றதும் டர்போவையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெற்றிடக் குழாயில் கசிவா, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கழன்றதா, கரி படிந்து தகடுகள் இறுகினவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பவரே நல்ல தொழில்நுட்பர்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் அவர் போகவே கூடாது. நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டித் தருகிறோம், இ.ஜி.ஆரை அடைத்துத் தருகிறோம் என்ற தொழிலில் கைக்காசு சீக்கிரம் வரும். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை முடக்குவது பல நாடுகளில் குற்றம். சோதனையின்போது மட்டும் மாசு வெளியீட்டைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகனின் மென்பொருள் 2015-இல் அம்பலமானபோது பொறியாளர்களும் வழக்கைச் சந்தித்தார்கள்.

இந்த வாரமே மகளிடம் ஒன்று கேளுங்கள்: இலக்கு பூஸ்ட், உண்மையான பூஸ்ட், தகடுகளின் நிலை ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, முதல் இரண்டு கோடுகளும் எங்கே, ஏன் பிரிகின்றன என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள், கட்டுப்பாட்டியல் பாடத்தை ஆழமாகப் படிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது.