ஸ்டார்லிங்க்: காலையில் 180, இரவில் 60, நடுவில் துண்டிப்பு

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் உள்ள உங்கள் வீட்டில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்தைப் பொருத்தியிருக்கிறீர்கள். இணைய வேகம் காலையில் 180 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), இரவில் 60, வீடியோ அழைப்பு சில விநாடிகள் உறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். 60 பற்றிக் கவலை வேண்டாம். ஒரே செயற்கைக்கோளின் கொள்ளளவைச் சுற்றுவட்டாரம் எல்லாம் பங்குபோடுகிறது, இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்ப்பார்கள். உயர்தர வீடியோவுக்கு 25 இருந்தாலே தாராளம்.

உறைவதுதான் உண்மையான சிக்கல். இந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் மணிக்கு 27,000 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று சில நிமிடங்களில் கடந்துவிடும், உங்கள் வீட்டுத் தட்டு (ஆன்டெனா) அடுத்ததைப் பிடிக்கும். அந்தத் திசையில் ஒரு தென்னோலை மறைத்தால் போதும், இணைப்பு அறும். வேகச் சோதனையில் இது தெரியவே தெரியாது. ஸ்டார்லிங்க் செயலியில் தடை பார்க்கும் பகுதியைத் திறந்து, தட்டு இருக்கும் இடத்திலிருந்தே வானத்தை ஸ்கேன் செய்யுங்கள். மறைப்பைக் காட்டும் சிவப்பு தெரிந்தால் தட்டைக் கூரை உச்சிக்கு ஏற்றுங்கள்.

அப்புறம், பிங், அதாவது சிக்னல் போய்வரும் நேரம், 30 முதல் 60 மில்லிசெக்கண்ட் இருந்தால் நல்லது. 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் இணையத்தில் சிக்னல் போய்வரவே அரை விநாடி ஆகும். எத்தனை எம்பிபிஎஸ் தந்தாலும் அதில் பேசுவது சிரமம்.

கன மழையில் வேகம் கொஞ்சம் விழும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேன் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.