பெருந்தொற்றுக்குப் பிறகு எது பழையபடி திரும்பியது, எது திரும்பவில்லை?

"கொரோனா தொழில்துறையையும் சப்ளை செயினையும் அலுவலகக் கட்டடங்களையும் நிரந்தரமாக மாற்றிவிட்டதா, இல்லை எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நடந்திருக்கிறது. ஆனால் எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதாக எனக்குப் படுகிறது. வாரா வாரம் விலை பேசும் விஷயங்கள் இரண்டு, மூன்று வருடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்ட விஷயங்களில் அடி தாமதமாகத்தான் விழுந்தது, சில இடங்களில் இன்னும் விழுந்து முடியவில்லை. நான் இயந்திரங்களுக்கான கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் பர்ச்சேஸ் பார்ப்பவன், பொருளாதார நிபுணர் இல்லை. வாங்குகிறவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

2021 நடுவில் எங்கள் ஷெல்ஃபில் 140 போர்டுகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஏறக்குறைய முடிந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம் காலி, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. அங்கே உட்கார வேண்டிய மின்சாரக் கட்டுப்பாட்டு சிப், மொத்த போர்டின் விலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அது வந்து சேர 12 வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்த சப்ளையர், ஒரு நாள் மெயிலில் 52 வாரம் என்று அனுப்பினார். எழுத்துப் பிழை என்று நினைத்து போன் செய்தேன். பிழை இல்லை.

அந்த 52 வாரம் எங்கிருந்து வந்தது? 2020 மார்ச், ஏப்ரலில் கார் நிறுவனங்கள் ஆலைகளை மூடின, சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே நேரம் வீட்டிலிருந்து வேலை பார்க்க உலகமே லேப்டாப் வாங்கியது. சிப் ஆலைகள் காலியான இடத்தை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டன. வருடக் கடைசியில் கார் விற்பனை எதிர்பார்த்ததைவிட வேகமாக எழுந்தபோது, விட்டுப்போனவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது. சிப் என்பது ஆர்டர் கொடுத்த மறுநாள் கிடைக்கும் பொருள் இல்லை. சிலிக்கான் தகடு ஆலைக்குள் போய் முடிந்து வெளியே வரவே மாதக்கணக்கில் ஆகும். போதாததற்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் குளிரில் மின்சாரம் நின்று அங்கிருந்த ஆலைகள் மூடின, மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் என்ற சிப் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீ. அந்த ஒரு வருடத்தில் கார் நிறுவனங்கள் இழந்த வருமானம் 21,000 கோடி டாலர் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது.

இதில் டொயோட்டா கதை தனி. கையிருப்பே வைக்காமல் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். 2011 நிலநடுக்கத்தில் சூடுபட்ட பிறகு, சிப்பை மட்டும் சில மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கச் சொன்னதும் அவர்களேதான். அதனால் மற்றவர்கள் ஆலையை நிறுத்தியபோதும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள். 2021 செப்டம்பரில் அவர்களும் உற்பத்தித் திட்டத்தை 40 சதவீதம் வெட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டுப்பாட்டில் பாதி எங்களைப் போன்றவர்கள் செய்த வேலை. தேவை ஆயிரம் சிப் என்றால் மூன்று சப்ளையரிடம் தலா இரண்டாயிரம் போட்டு வைத்தேன், எவன் முதலில் தருகிறானோ அவனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று. எல்லாரும் அதையே செய்தார்கள். ஆலையின் கண்ணுக்குத் தேவை ஆறு மடங்காகத் தெரிந்திருக்கும். கடையில் சின்ன அசைவு, ஆலைக்குப் போய்ச் சேரும்போது பெரிய அலை. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961லேயே இதை விளக்கிவிட்டார். படித்திருந்தும் செய்தேன், ஏனென்றால் நான் மட்டும் ஒழுங்காக ஆயிரம் போட்டிருந்தால் எனக்கு ஒன்றுகூட வந்திருக்காது.

கப்பல் பக்கமும் இதே மாதிரிதான், ஆனால் வேகம் அதிகம். 2020 தொடக்கத்தில் சரக்கு இருக்காது என்று நினைத்து கப்பல் நிறுவனங்கள் பயணங்களை ரத்து செய்தன. வீட்டில் அடைபட்டவர்களோ சுற்றுலாவுக்கும் ஓட்டலுக்கும் செலவழிக்க முடியாமல் மேசை, நாற்காலி, டிவி, உடற்பயிற்சிக் கருவி என்று வாங்கித் தள்ளினார்கள். காலிக் கன்டெய்னர்கள் தேவையில்லாத நாடுகளில் குவிந்துகிடந்தன, தேவைப்பட்ட ஆசியத் துறைமுகங்களில் கிடைக்கவில்லை. தொற்றுக்கு முன் சராசரியாக 1,500 டாலருக்குள் இருந்த 40 அடி கன்டெய்னர் கட்டணம் 2021 செப்டம்பரில் ட்ரூரி என்ற கப்பல் துறை ஆலோசனை நிறுவனத்தின் உலகக் குறியீட்டில் 10,000 டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய மாதம்தான், ஒரே ஓர் ஊழியருக்குத் தொற்று என்று சீனாவின் நிங்போ துறைமுகத்தின் மெய்ஷான் முனையத்தை இரண்டு வாரம் மூடினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே ஒரு கட்டத்தில் நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக்கிடந்தன.

அப்புறம் என்ன ஆயிற்று? 2023ல் கட்டணம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது. உடனடிச் சரக்குக் கட்டணம் வாரா வாரம் பேசப்படுவது. ஏறின வேகத்திலேயே இறங்கும்.

கட்டடம் அப்படி இல்லை. பழைய முறையில் கையிருப்புக்கென்று பெரிய இடம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அது கடலிலும் சாலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் நின்றதும் அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் பெரிய மீட்டிங் அறை காலியாக இருந்தது. நீள மேசையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு பெட்டிகளை அடுக்கினோம். புரொஜெக்டர் மேலே தொங்க, கீழே ரெசிஸ்டரும் கனெக்டரும். உலக அளவில் நடந்ததும் இதுதான் என்று பிறகு தோன்றியது: மனிதர்கள் உட்கார்ந்த சதுர அடி காலியானது, பொருள் உட்காரும் சதுர அடிக்கு அடிதடி. அமேசான் அதுவரை கால் நூற்றாண்டில் கட்டிய கிடங்கு வசதியை இரண்டே வருடத்தில் இரட்டிப்பாக்கியது. 2022ல் இடம் மிஞ்சிவிட்டது என்று அவர்களே சொன்னார்கள்.

அலுவலகக் கட்டடங்களில் 2020லும் 2021லும் வெளியே பெரிதாக எதுவும் தெரியவில்லை. உள்ளே ஆளே இல்லை, ஆனால் லீஸ் ஓடிக்கொண்டிருந்ததால் வாடகை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஐந்து, பத்து வருட ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடியும்போதுதான் "இவ்வளவு இடம் வேண்டாம்" என்ற வார்த்தை வர ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில் வட்டியும் ஏறியது. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யம், 2023 ஜூலையில் 5.25 சதவீதத்துக்கு மேல். கடன் வாங்கிக் கட்டடம் வாங்கியவருக்கு வாடகை குறைகிறது, பழைய கடனைப் புதுப்பிக்கப் போனால் வட்டி இரண்டு மடங்கு. 2023 முடிவில் அமெரிக்க அலுவலகங்களில் 19.6 சதவீதம் காலி என்று மூடிஸ் என்ற நிதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுடைய கணக்கு 1979ல் தொடங்குகிறது, அன்றிலிருந்து அதுவரை இவ்வளவு காலியாக இருந்ததே இல்லை.

ஒப்பந்தக் காலம்தான் எல்லாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு வீவொர்க்கைத்தான் கைகாட்டுவேன். கட்டடத்தை நீண்ட கால லீஸில் எடுத்து, மேசை மேசையாக மாத வாடகைக்கு விடுவது அவர்கள் தொழில். மாத வாடகைக்காரர்கள் ஒரு மெயிலில் போய்விட்டார்கள், லீஸ் போகவில்லை. 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட நிறுவனம் 2023 நவம்பரில் திவால் மனு போட்டது. (வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஜூம் நிறுவனம், அதே 2023ல் அலுவலகத்துக்கு அருகில் வசிக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது.)

காலி அலுவலகங்களை வீடாக மாற்றலாமே என்று பலரும் கேட்கிறார்கள். சில கட்டடங்களில் முடியும். ஆனால் நவீன அலுவலகத் தளம் மிக அகலமானது, நடுவில் நிற்பவருக்கு ஜன்னல் வெளிச்சமே வராது. கழிவறைக் குழாய்கள் எல்லாம் நடு மையத்தில் ஓரிடத்தில். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறையும் குளியலறையும் வைக்கப் போனால் இடித்துக் கட்டுவதே மேல் என்று ஆகிவிடுகிறது. பழைய, ஒடுக்கமான கட்டடங்கள்தான் இதற்குத் தோது.

ஆலைகள் இடம் மாறியதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. அமெரிக்கா 2022 ஆகஸ்டில் சிப் துறைக்கு 5,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிச் சட்டம் போட்டது. தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி 2020 மேயில் அறிவித்த அரிசோனா ஆலையில் உற்பத்தி தொடங்க 2024 கடைசி ஆகிவிட்டது. அதற்குள் அந்தத் தட்டுப்பாடே முடிந்துபோயிருந்தது. 2023ல் அமெரிக்காவுக்கு அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு சீனா இல்லை, மெக்சிகோ. இதையெல்லாம் தொற்றின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியில்லை, 2018லேயே அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இறக்குமதி வரிச் சண்டை தொடங்கிவிட்டது. மெக்சிகோவிலிருந்து போகும் பெட்டிக்குள் எத்தனை பாகம் சீனாவில் செய்தது என்றும் பார்க்க வேண்டும். என் சப்ளையர்களில் இரண்டு பேர் நாடு மாறினார்கள், ஆனால் அவர்கள் வாங்கும் மூலப்பொருள் வரும் இடம் மாறவில்லை.

சரி, அந்த 140 போர்டுகள். கடைசியில் ஒரு ப்ரோக்கரிடம் வழக்கமான விலையைப் போல் பதினெட்டு மடங்கு கொடுத்து சிப் வாங்கினோம், தேவைக்கு மேலேயே, பயத்தில். போர்டுகள் போய்ச் சேர்ந்தன. நான் மூன்று இடத்தில் போட்டிருந்த ஆர்டர்களும் 2022 கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. அதற்குள் டிசைன் பிரிவு அந்த சிப்பே தேவைப்படாதபடி போர்டை மாற்றிவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் சிப்கள் சீல் பிரிக்காத ரீலில் மீட்டிங் அறையில் இருக்கின்றன. அடுத்த வருடம் எங்கள் கட்டட லீஸ் முடிகிறது. பாதி இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் முதலாளி, அப்படியானால் இந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கிறார்.