வாசகர் கேள்வி பதில்: மாதிரி நீராவி இன்ஜினுக்குப் புது வண்ணம்

மாதிரி ரயில்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

என்னிடம் 1:76 அளவில் செய்த, ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜினின் மாதிரி ஒன்று உள்ளது. வெளிர்பச்சை நிறமும் 4472 என்ற எண்ணும் கொண்டது. அதைக் கரும்பச்சையாக்கி, பிற்காலத்து எண்ணான 60103-ஐப் போட விரும்புகிறேன். வண்ணமும் எண் டிகாலும் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

வண்ணக் குப்பியைத் திறக்க வேண்டாம். முதலில் ஒரு நிழற்படத்தைத் தேடுங்கள், அதுவும் எந்த ஆண்டில் எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்த படமாக இருக்கட்டும். ஏனென்றால் 60103 என்பது ஒரே தோற்றம் அன்று. 1923-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்த அந்த இன்ஜின் 1947-இல் புதிய கொதிகலனோடு ஏ3 வகையாக மாற்றப்பட்டது. பிரிட்டனின் ரயில்வே நாட்டுடைமையான 1948-இல் ஐந்திலக்க எண்ணைப் பெற்றது. 1959-இல் இரட்டைப் புகைபோக்கியும், 1961 இறுதியில் புகை ஓட்டுநரின் கண்ணை மறைக்காமல் விலக்கிவிடும் பக்கத் தகடுகளும் பொருத்தப்பட்டன. 1963 ஜனவரியில் அது பணியிலிருந்து விலக்கப்பட்டது. ஆகவே பக்கத் தகடுகளோடு கூடிய 60103-ஐ நீங்கள் செய்தால், உங்கள் மாதிரி காட்டக்கூடிய காலம் ஏறத்தாழ ஓராண்டுதான். (2016-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு எடுத்த படங்களிலும் இதே தோற்றம் இருக்கும் என்பதால், படத்தின் ஆண்டைப் பார்க்கச் சொல்கிறேன்.) கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய சின்னமும் இதைப் பொறுத்ததே: சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கும் பழைய சின்னத்துக்குப் பதிலாக 1956 முதல் புதிய சின்னம் வந்துவிட்டது. பழைய சின்னமும் பக்கத் தகடுகளும் ஒரே இன்ஜினில் சேர்ந்து நின்றால், விவரம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

உங்கள் மாதிரி போருக்கு முந்தைய 4472-ஐக் காட்டுவதானால் வேலை இன்னும் கூடும். அது ஏ1 வகை. ஏ3 ஆனபோது நீராவியை மிகைச் சூடாக்கும் அமைப்பு அகலமானதால், புகைப்பெட்டியின் இரு பக்கங்களிலும் செவ்வக மூடிகள் புடைத்துக்கொண்டு வந்தன. அவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்ட வேண்டும். நாட்டுடைமைக்குப் பின் புகைப்பெட்டிக் கதவில் எண் தகடு வந்தது. அதற்கு முன் அந்த எண் முன்புறத்து இடிதாங்கிப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. இவையெல்லாம் வண்ணம் ஏறுவதற்கு முன் முடிய வேண்டிய வேலைகள். கொதிகலனை ஒட்டி ஓடும் கைப்பிடிக் கம்பி உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால் அதைச் சீவி எடுத்துவிட்டு, 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு, 0.45 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பொருத்துங்கள். 76 மடங்கு பெருக்கினால் அது 34 மில்லிமீட்டர் பருமன். கையால் பற்றக்கூடிய கம்பியின் அளவு. இந்த ஒரு மாற்றம் இன்ஜினுக்குத் தரும் உயிரை எந்த வண்ணமும் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு பழைய வண்ணம். உடற்பகுதியை அடிச்சட்டத்திலிருந்து கழற்றிவிடுங்கள். மோட்டாரும் சக்கரங்களும் இருக்கும் பகுதி எந்தத் திரவத்துக்குள்ளும் போகக் கூடாது. பிளாஸ்டிக் உடலானால் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை முதலில் உட்புறத்தில் ஒரு மூலையில் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் இளகவில்லை என்றால் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுக்கலாம். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஆலை பூசிய வண்ணம் மெல்லியதாகவும் சீராகவும் இருந்தால் அதை முழுவதும் அகற்றத் தேவையில்லை. ஆனால் அச்சிட்ட கோடுகளையும் எண்களையும் மிக நுண்ணிய நீர் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இல்லையேல் கரும்பச்சைக்கு அடியிலிருந்து 4472 மேடாகத் தெரியும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி உலர்த்திய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். நம் ஊர் வியர்வையில் பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிக்காது.

ஈசூனில் வீவக வீட்டில் வசிக்கிறேன். ஏர்பிரஷால் கறுப்பு லாக்கர் வண்ணம் அடித்தேன். பூசியபோது பளபளப்பாக இருந்தது, பத்து நிமிடத்தில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. வண்ணம் கெட்டுப்போனதா?
— வாசகி, ஈசூன்

வண்ணத்தில் குறையில்லை; காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். தீபாவளிக்கு முன் ஒரு மழை மாலையில் நானும் இதே முறையில் ஒரு கொதிகலனைச் சாம்பலாக்கி, இரண்டு வார வேலையை ஆல்கஹாலில் கரைத்திருக்கிறேன்.

லாக்கர் வண்ணத்தைக் கரைக்கும் தின்னர் மிக விரைவாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் அந்தப் பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து, காயாத வண்ணத்துக்குள் சிக்கி, ஒளியைச் சிதறடிக்கிறது. கண்ணுக்கு வெண்மையாகத் தெரிவது அதுதான். 28 பாகையும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மழை மாலையில், பரப்பு மூன்று பாகை குளிர்ந்தாலே பனி படிந்துவிடும். 32 பாகையும் 60 விழுக்காடும் உள்ள வெயில் பிற்பகலில் ஏறத்தாழ ஒன்பது பாகை குளிர வேண்டும். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத நாளின் நடுப்பிற்பகலில் 60 அளவுக்கு இறங்குகிறது. எனவே லாக்கர் வேலைக்கு உகந்த நேரம் மழையில்லாத நாளில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வார இறுதியில்தான் கிடைக்கும். காத்திருப்பதைத் தவிர வேறு வழி சொல்ல என்னால் இயலவில்லை. இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு சிறிய ஈரப்பதமானியை மேசைமேல் வைத்துக்கொண்டால், காத்திருப்பதா தொடங்குவதா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை.

வெளுத்துப்போன பரப்பை உடனே சுரண்டிவிட வேண்டாம். ஆவியாதலைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும், உலர்ந்த பிற்பகலில், மூடுபனிபோல் மெல்லியதாக அடியுங்கள். மேற்பரப்பு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிட்டால் கறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். கம்ப்ரசரின் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுத்தப்பட்ட காற்றிலிருந்து பிரியும் நீர் ஒரு துளியாக முனையில் வந்து விழுந்தால், அந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் உண்டாகும். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும்; வண்ணம் பால் பதத்தில் இருக்கட்டும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். லாக்கர் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் கேடு. சமையலறையில் அடுப்பு எரியும் நேரத்திலோ, அண்டை வீட்டார் நடந்துபோகும் பொதுத் தாழ்வாரத்திலோ அடிக்கக் கூடாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும். மருத்துவமனைக் கவசம் இதற்குப் பயன்படாது. வீட்டில் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறிவிடுங்கள். அது வெளுப்பதில்லை, ஆனால் காய்வதற்கு நேரமெடுக்கும். தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகும் மூன்று நாள் விட்டுவிட்டுத்தான் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். குளிர்சாதன அறையில் உலர வைப்பது நல்லது. ஆனால் அங்கிருந்து எடுத்த குளிர்ந்த மாதிரியை உடனே சன்னலருகே கொண்டுவந்து அடுத்த பூச்சைத் தொடங்கினால், மூக்குக் கண்ணாடியில் பனி படிவதுபோல் அதன்மேலும் ஈரம் படியும்.

டிகால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளிபோல் மின்னுகிறது. கோடுகளைக் கையால் வரைவது மேலா?
— வாசகர், பாசிர் ரிஸ்

டிகாலுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மங்கலான வண்ணம் நுண்ணோக்கியில் பார்த்தால் கரடுமுரடானது. அதன்மேல் டிகால் படியாது. முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, அது நன்கு இறுகிய பின் டிகாலை ஒட்டி, அதை இளக்கும் கரைசலைத் தடவுங்கள். டிகால் சற்றுச் சுருங்கும். அப்போது விரலால் தொடாமல் விட்டுவிட்டால் தானாகப் படிந்துவிடும். கடைசியில்தான் பாதி மங்கலான வார்னிஷ்.

கையால் வரைவதைப் பொறுத்தவரை, ஓர் அங்குலக் கோடு 1:76 அளவில் 0.33 மில்லிமீட்டராகிறது. பழைய வரைபடக்காரர்கள் பயன்படுத்திய, திருகால் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் இரட்டை அலகுப் பேனாவால் அதை வரைய முடியும். நான் நேர்கோடுகளைப் பேனாவாலும், ஓட்டுநர் அறையின் மூலை வளைவுகளை டிகாலாலும் முடிக்கிறேன். இரண்டு கோடுகளின் நிறமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதை ஒரு பழைய தகட்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் காலத்து இன்ஜினை வீட்டில் வைக்க ஆசை. பிரிட்டிஷ் மாதிரி ஒன்றை வாங்கிக் கறுப்படித்தால் போதுமா?
— வாசகி, தோ பாயோ

போதாது என்றே சொல்வேன். உங்கள் தாத்தாவின் நினைவுக்காகச் செய்வது என்பதால்தான் இதை ஒளிக்காமல் சொல்கிறேன். மலாயாவின் பாதை மீட்டர் பாதை; தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். பிரிட்டனின் பாதை 1,435. அகன்ற பாதைக்காகக் கட்டிய இன்ஜினின் உடலமைப்பே வேறு. 1:87 அளவில் மீட்டர் பாதைக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் பயன்படுகிறது. வழக்கமான 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓட வேண்டுமானால் 1:60 அளவில் உடலைப் புதிதாகக் கட்டலாம், 16.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 990, மீட்டருக்கு மிக அருகில் வருகிறது. சக்கரங்களின் விட்டமும் இடைவெளியும் பொருந்தும் ஒரு மோட்டார் அடிச்சட்டத்தைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி.

எந்த இன்ஜின் என்று கேட்டால், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் கட்டித்தந்த ஓ வகையைச் சொல்வேன். மூன்று உருளைகளும், முன்னே நான்கு, நடுவே ஆறு, பின்னே இரண்டு என்ற சக்கர அமைப்பும் கொண்ட அழகான இன்ஜின் அது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய ரயில் படங்களைப் பாருங்கள். தாத்தா பணியாற்றிய ஆண்டுகளை வீட்டில் கேட்டு, அந்த ஆண்டுகளுக்குரிய படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். கரும்பச்சையும் கறுப்பும் அதில் ஒன்றுபோலவே தோன்றும்.

கறுப்புதான் என்று உறுதியானாலும் குப்பியிலுள்ள முழுக் கறுப்பைப் பூச வேண்டாம். சிறிய பொருளில் முழுக் கறுப்பு எல்லா நுணுக்கத்தையும் விழுங்கிவிடும். கொதிகலனுக்கு அடர் சாம்பல் கலந்த கறுப்பு, புகைப்பெட்டிக்கு அதைவிடச் சற்று வெளிறிய மங்கல் கறுப்பு, அடிச்சட்டத்துக்குப் பழுப்பு கலந்த கறுப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள். தூசியின் நிறத்துக்குப் பழைய புக்கிட் தீமா நிலையத்துக்கு ஒருமுறை நடந்துபோய் மண்ணைப் பார்த்து வாருங்கள். ஐரோப்பியப் பயிற்சி நூல்கள் காட்டும் சாம்பல் தூசி நம் செம்மண் பாதையில் ஓடிய இன்ஜினுக்குப் பொருந்தாது. பிரேக் தூசியும் மண்ணும் சக்கரத்தைச் சுற்றித் தங்கும், கரி மேற்பரப்பில் தங்கும், பாதுகாப்பு வால்வுக்குக் கீழே கடின நீர் காய்ந்த வெண்கோடுகள் இறங்கும். தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பில் மட்டும் துளி வண்ணமும் இருக்கக் கூடாது. மின்சாரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

மாமனார் விட்டுச்சென்ற வார்ப்பு உலோக மாதிரி ஒன்றில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. புதிதாகப் பூசிக் கொடுத்தால் என் மாமியார் மகிழ்வார் என்று நினைக்கிறேன். எப்படிச் செய்வது?
— வாசகர், தெம்பனிஸ்

பூச வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாமனாரின் விரல் பட்டுத் தேய்ந்த இடங்கள் அந்த வண்ணத்தில்தான் இருக்கின்றன. சேகரிப்பாளர் பார்வையிலும் மறுவண்ணம் பூசிய பழைய மாதிரிக்கு மதிப்புக் குறைவு. தவிர, பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்ப்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தீங்கு.

நீங்கள் இப்போது பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, உலோகத்தை. பழைய துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஈயம் சிறிதளவு கலந்துபோயிருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே அரித்து, வீங்கி, நுண்விரிசல் விட்டு, இறுதியில் உதிர்ந்துவிடும். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்துகின்றன, நம் வீடுகளில் இரண்டுக்கும் குறைவில்லை. வண்ணம் உதிர்ந்த இடத்தில் மயிரிழை விரிசலோ, உடல் வளைந்ததற்கான அடையாளமோ இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். மென்மையான பிரஷால் தூசியைத் தட்டி, பஞ்சுக் குச்சியைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, எழுத்துகளைத் தொடாமல் துடையுங்கள். பழைய பஞ்சு நுரை உறை இருந்தால் அகற்றிவிடுங்கள். அது மக்கி வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்கு வைத்திருப்பதுபோன்ற ஈரமகற்றும் அலமாரியில், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில், மாமியார் பார்க்கும் உயரத்தில் அதை வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். விரிசல் நீண்டிருந்தால் இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புங்கள்.