அப்டேட் ஓடியதும் படுத்துவிட்ட லேப்டாப்: யார் பொறுப்பு?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் பத்து மாதங்களுக்கு முன்பு புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினேன். சென்ற மாதம் ஒரு நாள் இரவு, ஃபர்ம்வேர் அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் வந்தது. அப்படியே விட்டுவிட்டோம். காலையில் பவர் விளக்கு எரிகிறது, திரை வரவில்லை. சர்வீஸ் சென்டரில், "சாஃப்ட்வேர் கோளாறு, வாரன்டியில் வராது. மதர்போர்டு மாற்ற 19,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கடைக்காரரோ, கடலூரில் இருந்துகொண்டு புதுச்சேரிக் கடைமீது வழக்குப் போட முடியாது என்கிறார்.
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சாஃப்ட்வேர் கோளாறு என்றால் மதர்போர்டை எதற்காக மாற்றச் சொல்கிறார்கள்? முதலில் இதை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஃபர்ம்வேர் நீங்கள் வாங்கிப் போட்ட மென்பொருள் அன்று. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் இருந்துகொண்டு, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் நிரல் அது. பயாஸ் என்று சொல்கிறோமே, அதுதான். எழுதித் தருவது தயாரிப்பு நிறுவனம். புதிய பதிப்பை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ தன் சொந்தச் செயலி வழியாகவோ அனுப்பி வைப்பதும் அதே நிறுவனம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாரும் எதையும் தேடிப்போய் நிறுவவில்லை. தான் அனுப்பியதால் தன் பொருளே கெட்டுப்போனதற்கு, வாங்கியவரிடம் 19,000 கேட்பது எந்த ஊர் நியாயம்?

"நடுவில் கரண்ட் போயிருக்கும்" என்று அடுத்து சொல்வார்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. சார்ஜர் செருகியிருக்கிறதா, பேட்டரியில் போதிய மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயாஸ் அப்டேட் தொடங்கும்படிதான் பொதுவாக அமைத்திருப்பார்கள். ஆகவே அந்தச் சாக்கு அவ்வளவு எளிதில் எடுபடாது.

சண்டைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். பல லேப்டாப்களில் பயாஸை மீட்க வழி வைத்திருக்கிறார்கள். எச்பி என்றால், அணைத்த நிலையில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தியபடி பவர் பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்தி, பொத்தானை மட்டும் விட வேண்டும். டெல் என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். எல்லா மாடலிலும் இது இருக்காது. மற்ற நிறுவனங்களின் முறையை அவற்றின் உதவிப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். ஆனால் ஜாப் ஷீட், அதாவது என்ன பழுது என்று குறித்துத் தரும் சீட்டு, இல்லாமல் கொடுக்காதீர்கள். அதில் "ஆன் ஆகவில்லை" என்று மட்டும் எழுதித் தள்ளிவிடுவார்கள். "தானாக வந்த ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு திரை வரவில்லை" என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். வாரன்டி மறுப்பையும் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். கவுன்டரில் சொன்ன சொல் நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்காது. மகளின் பாடக் குறிப்புகள் உள்ளே இருந்தால், சேமிப்பகத்தை அழிக்க நீங்கள் சம்மதிக்கவில்லை என்றும் அதே தாளில் எழுதுங்கள். மதர்போர்டை மாற்றினால், சேமிப்பகத்தைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். லேப்டாப்பை முதன்முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அது இருக்கும். இப்போதே ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் நிறுவனத்துக்கும் கடைக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். "சாஃப்ட்வேருக்குப் பொறுப்பில்லை" என்ற வரி வாரன்டி அட்டையில் இருக்கக்கூடும். நிறுவனமே அனுப்பிய ஃபர்ம்வேருக்கும் அது பொருந்துமா என்பதை ஆணையம்தான் முடிவு செய்ய வேண்டும். வெற்றி உறுதி என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பக்கம் வலு இருக்கிறது.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையே காணோம். இனி அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடலாமா? எல்லா டிரைவரையும் சரிசெய்வதாக ஒரு மென்பொருள் விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டுமே வேண்டாம். அந்த மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது வீண் செலவு. டிரைவர் என்பது வைஃபை போன்ற ஒரு சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு நிரல். அதை உங்கள் லேப்டாப் நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகக் கொடுக்கிறது.

ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போனால் ரோல் பேக் என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பும். அது மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனின் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை ஃபோனில் இயக்குங்கள். வைஃபை இல்லாமலே இணையம் வந்துவிடும். நிறுவனத் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வரும் பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், தவிர்க்காதீர்கள். விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற பகுதியில் வரும் டிரைவர்களை, கோளாறு எதுவும் இல்லாதபோது தொடாதீர்கள்.

கேள்வி: இன்டெல் 14-ஆம் தலைமுறை ஐ7 போட்டு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தேன். பயாஸைத் தொடவே கூடாது என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், வில்லியனூர்

பதில்: பொதுவாக நல்ல அறிவுரைதான், உங்களுக்கு மட்டும் பொருந்தாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறி, காலப்போக்கில் சிப் பழுதாகும் குறை இருந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டு முதல் திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் அப்டேட்டில்தான் வருகின்றன. ஏற்கெனவே பழுதான சிப்பை அவை குணப்படுத்தா. ஆனால், பாதிக்கப்பட்ட வகைகளில் பெட்டியோடு விற்ற சிப்புகளுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு கூட்டி மொத்தம் 5 ஆண்டுகளாக்கினார்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

டெஸ்க்டாப்பில் பேட்டரி கிடையாது என்பதால், இங்கேதான் கரண்ட் உண்மையான எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மின்சாரம் என்ன பாடு பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பிச் செய்வதாக இருந்தால், அதில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில், மின்சாரம் மாறும் கண நேரத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழக்கூடும். மதர்போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் கவலை குறைவு. அப்டேட் பாதியில் நின்றாலும் பென் டிரைவிலிருந்து மறுபடி ஏற்றிவிடலாம்.