பில்டர் கட்டிய பணம் எங்கள் பூங்காவுக்கு வருமா?

கேள்வி: லண்டனில் எங்கள் தெருமுனையில் பெரிய அடுக்குமாடி எழும்பிவிட்டது. பில்டர் கவுன்சிலுக்குப் பெருந்தொகை கட்டியதாகச் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல் அறுந்து கிடக்கிறது. அந்தப் பணத்தை இங்கேயே செலவழிக்கச் சொல்லிக் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எந்தப் பணம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் அது இரண்டு வழியாக வருகிறது.

ஒன்று, 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒப்பந்தம். கட்டட அனுமதிக்காக பில்டர் கவுன்சிலோடு எழுதிக்கொள்ளும் பத்திரம் இது. உங்களுக்கு வலுவான பிடி இதில்தான். எவ்வளவு பணம், எதற்கு என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்கும். இந்தப் பூங்காவின் விளையாட்டுக் கருவிகளுக்கு என்று எழுதி வாங்கிய தொகையை வேறு வார்டின் நடைபாதைக்குத் திருப்ப முடியாது. கவுன்சில் இணையதளத்தின் பிளானிங் பதிவேட்டில் விண்ணப்ப எண்ணைத் தேடினால் பத்திரம் கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணைகளை விடாமல் படியுங்கள். பல பத்திரங்களில் கெடு ஒன்று இருக்கும். அதற்குள் செலவாகாத பணத்தை பில்டர் திரும்பக் கேட்கலாம். பிள்ளைகளுக்கு வரவேண்டிய பணம் இப்படிப் போவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். அந்தத் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

இன்னொன்று சிஐஎல் எனும் உள்கட்டமைப்பு வரி. கட்டடப் பரப்பளவைக் கணக்கிட்டு வாங்குவது. பொதுக் கணக்கில் சேர்வதால் ‘எங்கள் தெருக் கட்டடத்தின் பணம்’ என்று உரிமை கோர முடியாது. ஆனாலும் 15 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வட்டாரப் பங்கு, அதாவது கட்டடம் எழும்பிய வட்டாரத்துக்கென ஒதுக்குவது. வட்டார மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற வட்டார வளர்ச்சித் திட்டம் இருந்தால் 25 சதவீதம். பாரிஷ் கவுன்சில் எனும் சிற்றூர் அளவிலான உள்ளாட்சி உள்ள ஊர்களில் இந்தப் பங்கு அதன் கைக்கே போகும். லண்டனில் பாரிஷ் அரிது. அதனால் பரோ கவுன்சிலே (உங்கள் பகுதிக் கவுன்சில்) வைத்துக்கொண்டு, மக்களைக் கலந்து செலவிட வேண்டும். லண்டன் மேயர் வாங்கும் சிஐஎல் தனி, அதில் வட்டாரப் பங்கு கிடையாது.

வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் காட்டும் அறிக்கையைக் கவுன்சில் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் வெளியிட வேண்டும். அதில் தெளிவில்லையா? தகவல் கேட்டு எழுதுங்கள். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: ஒப்பந்தம் கவுன்சிலுக்கும் பில்டருக்கும் இடையிலானது. நீங்கள் தரப்பினர் இல்லை என்பதால் அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கும் நீதிமன்ற மறுஆய்வு கேட்கலாம். ஆனால் செலவு அதிகம், அவகாசமோ சில வாரங்கள்தான். அதனால் முதலில் பத்திரத்தின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் முறைப்படி புகார் கொடுங்கள், நகலை வார்டு கவுன்சிலருக்கும் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் அப்புறம் கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.